பயில்வானின் பெனியனும் பலாக்காய்ச் சில்லும்

தம்பிமாரே, லேத்துக்கு முன்னால் நிற்கத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாத உங்களில் ஒருவர் போன கிழமை என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். வழவழப்பான இரும்புத் தண்டில் பிடிமானத்துக்காகச் சொரசொரப்புப் போட எந்த நர்லிங் சில்லை எடுப்பது, அதற்கு ஏதாவது அட்டவணை உண்டா என்று. அட்டவணை உண்டு. சில்லு விற்கிறவர்களே அச்சடித்துத் தருகிறார்கள், வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு வேகம், எவ்வளவு எண்ணெய் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. என்னிடம் வந்து கேட்டால் நான் என் கல்யாணக் கதையைத்தான் சொல்வேன். நர்லிங் பற்றி எனக்குத் தெரிந்த உருப்படியான ஒரே விஷயம் அதற்குள்தான் கிடக்கிறது.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கண்டி ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த ஒரு பட்டறையில் நான் லேத்தில் இரும்பு கடைகிற கடைசல்காரன். ஹுன்னஸ்கிரிய, மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் எது உடைந்தாலும் லொறியில் ஏற்றி எங்களிடம் அனுப்புவார்கள். நானே மடுல்கெல்லத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன்தான். கண்டிக்கு வந்து மஹய்யாவையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். இருபத்துநாலு வயது, கை நிறைய வேலை, தலை நிறையக் கர்வம்.

பட்டறையில் மூன்று சோடி நர்லிங் சில்லுகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் எண்ணெயில் ஊறிக்கொண்டு கிடக்கும். சில்லு என்றதும் வண்டிச் சில்லை நினைக்க வேண்டாம். மேற்சட்டைப் பொத்தான் அளவுதான். விளிம்பில் பல் வெட்டியிருக்கும், ஒன்றில் இடப்பக்கம் சரிவாக, மற்றதில் வலப்பக்கம் சரிவாக. சுழல்கிற தண்டில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இரும்பு கட்டம் கட்டமாக மேடு தட்டும். பெரிய பல் சோடிக்குப் பலாக்காய் என்று பெயர். நடுத்தரத்துக்கு அன்னாசி, பொடிப் பல்லுக்குப் பூனைநாக்கு. யார் வைத்த பெயர்களோ தெரியாது, தொட்டுப் பார்த்தவர்கள் யாரும் வேறு பெயர் சொன்னதில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நர்லிங் போட்டு முடிந்ததும் உள்ளங்கையில் மெசின் எண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டு தண்டை முறுக்கிப் பார்க்க வேண்டும். கை வழுக்கினால் வேலை தோல்வி, வழுக்காவிட்டால் வெற்றி. தொழிற்சாலையில் எங்கள் சாமான்களைப் பிடிக்கிறவர்கள் எல்லோருக்கும் எண்ணெய்க் கைதானே, அதனால் அது நியாயமான சோதனைதான். அந்தச் சோதனையில் பலாக்காய் ஒருநாளும் தோற்றதில்லை. ஆகவே நான் எதற்கும் பலாக்காயையே எடுப்பேன். மற்ற இரண்டு சோடியும் பாவம், டின்னுக்குள் ஓய்வுகாலம் கழித்துக்கொண்டிருந்தன.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். மஹய்யாவையில் என் அறையிலிருந்து நாலாவது வீட்டில் பிலோமினா இருந்தாள். வீட்டிலேயே தையல் வேலை. பைப்படியில் வாளி நிரம்புகிற நேரத்துக்குள் எத்தனை பேசலாமோ அத்தனையும் நாங்கள் பேசி முடித்திருந்தோம். மிச்சம் இருந்தது அவள் அண்ணன் மரியதாசின் சம்மதம் மட்டும்தான். தாய் தகப்பன் இல்லாத வீடு, அவர் வாயில் வருவதுதான் சட்டம்.

மரியதாஸ் பகலில் ஒரு வக்கீல் கந்தோரில் கிளார்க். கண்டியிலேயே அழகான கையெழுத்து தன்னுடையது என்பார், அது உண்மையும்கூட. சாயந்தரம் ஆனால் தேகப்பயிற்சிச் சங்கத்தின் பயில்வான். கிளார்க் ஒருவருக்கு அப்படியொரு கழுத்து எதற்கு என்று ஊரே கேட்கும். அந்த வருஷம் சங்க விழாவில் இருநூறு ராத்தல் எடையைத் தலைக்கு மேல் தூக்கப்போவதாக அறிவித்திருந்தார். ஆனால் சங்கத்திலிருந்த எடைத்தண்டு வழவழவென்று இருந்தது. வியர்த்த கையில் அது வழுக்கி, ஏற்கெனவே ஒரு தரம் மேடைப் பலகையை உடைத்துக்கொண்டு கீழே போயிருந்தது.

பெண் கேட்டு நான் போனபோது அவர் என்னைக் கதிரையில் உட்காரச் சொல்லவில்லை. தானும் உட்காரவில்லை. என்ன வேலை என்று கேட்டார். லேத் வேலை என்றேன். கொஞ்ச நேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்டுல பிடிமானம் போட்டுத் தருவியா?" என்றார். "விழா அன்னைக்கு என் கையில அது வழுக்காம இருக்கணும். வழுக்கலன்னா வீட்டுக்கு வா, தேதி பேசுவோம். வழுக்கிச்சுன்னா இந்தத் தெருப்பக்கமே வராத."

அவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. தேயிலைத் தொழிற்சாலைகள் முழுக்க என் நர்லிங்கைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன, இவர் ஒரு தண்டைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் தண்டைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எங்கள் போர்மன் யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சைச் சிக்கனமாகச் செலவு செய்கிறவர். நான் பிஸ்கட் டின்னைத் திறந்து பலாக்காயை எடுப்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்து லேத்திலிருந்தே கேட்டார்.

"ஆற்ர கைக்குத் தம்பி?"

"பயில்வான் கைக்கு," என்றேன்.

"அது எனக்கு விளங்குது. எப்பிடியான கை எண்டு கேட்டனான்."

பெரிய கை என்று சொன்னேன். அவர் தன் வேலைக்குத் திரும்பிவிட்டார். அந்தக் கேள்வியின் எடை இருநூறு ராத்தலுக்கு மேல் இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

தண்டுக்குப் பலாக்காய் போட்டேன் தம்பிமாரே, போட்டேன் பாருங்கள், அப்படிப் போட்டேன். கை பிடிக்கிற இரண்டு இடத்தில் மட்டும் போட்டிருந்தால் போதும். கட்டங்கள் அத்தனை அழகாக விழுந்துகொண்டு வந்ததால் நிறுத்த மனசு வரவில்லை. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, நடுவில்கூட ஓர் அங்குலம் விடாமல் போட்டுத் தள்ளினேன். பிறகு கையில் எண்ணெய் தேய்த்து முறுக்கிப் பார்த்தேன். மலையைப் பிடித்த மாதிரி அசையாமல் நின்றது. என் உள்ளங்கை பத்து வருஷமாக எண்ணெயிலும் இரும்புத் தூளிலும் ஊறிக் காய்த்துப்போனது, அதில் ஆணி அடித்தாலும் ஆணிதான் வளையும். அந்தக் கையால் சோதித்துவிட்டு, பகலெல்லாம் பேனா பிடிக்கிற ஒரு மனிதனுக்கு நான் சான்றிதழ் கொடுத்தேன். முட்டாள்தனம் என்றால் முட்டாள்தனம்தான், இப்போது சொல்லும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மரியதாசுக்கு ஒத்திகை பார்க்க நேரமில்லை. விழா நாளில்தான் தண்டு அவர் கைக்குப் போனது.

சனிக்கிழமை பிற்பகல், பள்ளிக்கூட மண்டபம். முன்வரிசையில் தோட்டத்துத் துரை ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் மஹய்யாவை முழுவதும். சங்கத் தலைவர் மேடை ஓரத்தில் மணியோடு நின்றார். எடை தலைக்கு மேல் போனதும் அவர் மூன்று வரை எண்ணி மணி அடிக்க வேண்டும், அதற்கு முன் கீழே இறக்கினால் தூக்கியது செல்லாது. தண்டைக் கொண்டுவந்தவன் என்பதால் நானும் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். பிலோமினா மூன்றாவது வரிசையில் இருந்தாள். அண்ணனுக்கு அவளே புதுப் பெனியனில் சங்கத்தின் சின்னத்தைத் தைத்துக் கொடுத்திருந்தாள்.

மரியதாஸ் குனிந்து தண்டைப் பிடித்தார். பிடித்ததும் அவர் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. அதை வீரம் என்று நான் எண்ணிக்கொண்டேன். ஒரே மூச்சில் நெஞ்சு வரைக்கும் கொண்டுவந்து, நெஞ்சோடு அணைத்து, ஒரு கணம் நின்றார். தண்டின் நடுப்பகுதி பெனியன்மேல் அழுந்தியது. நடுவில் எதற்குச் சொரசொரப்பு என்ற எண்ணம் அப்போதுதான் முதல் தடவையாக என் மண்டைக்குள் வந்தது. அப்போது வந்து என்ன பிரயோசனம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தண்டை மேலே தள்ளினார். தண்டு மேலே போனது. பெனியனும் கூடவே போனது.

பலாக்காயின் ஒவ்வொரு முள்ளும் பெனியன் நூலை ஒவ்வொரு கொக்கியாக மாட்டி இழுத்திருந்தது. காற்சட்டைக்குள் செருகியிருந்த பெனியன் உருவிக்கொண்டு வெளியே வந்து, வயிற்றைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி, அவர் முகத்தை முழுவதுமாக மூடித் தண்டில் போய் நின்றது. தலைக்கு மேல் இருநூறு ராத்தல், அதற்குக் கீழே தலையில்லாத ஒரு பயில்வான். அதுவும் போதாது என்று, வயிறு வெளியே தெரியாமல் இருப்பதற்காக அவர் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த துணியும் சபைக்குத் தெரிந்துவிட்டது. அது தங்கையின் பழைய சேலைக் கிழிசல், ரோசாப்பூப் போட்டது.

தலைவர் இரண்டு வரைக்கும் எண்ணியிருந்தார். ரோசாப்பூவைப் பார்த்ததும் மூன்று என்ற சொல் அவருக்கு மறந்துபோய்விட்டது. வாயைத் திறந்தபடி நின்றார். உள்ளே இருந்த மரியதாசோ மூன்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கண் தெரியாது, கை எரிகிறது, மணிச் சத்தம் வரவில்லை. ஒரு காலை முன்னால் வைத்தார். பிறகு மற்றக் காலை. மேடை விளிம்புக்கும் அவருக்கும் இடையில் மூன்றடி இருந்தது. விளிம்புக்கு நேர் கீழே துரையின் மனைவி, கையில் விசிறியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று எந்த அட்டவணையிலும் போட்டிருக்காது. போடு என்று கத்தினால் அவர் அப்படியே கையை விடுவார், துரை மனைவியின் கதி அதோகதி. சும்மா இருந்தாலும் அதே கதிதான். எண்ணி முடியாமல் இறக்கச் சொன்னால் அவருக்குத் தோல்வி, எனக்குப் பெண் இல்லை. நான் மேடையில் பாய்ந்து ஏறி, பின்னாலிருந்து அந்த ரோசாப்பூச் சேலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலைவரின் குரலைவிடப் பெரிய குரலில் மூன்று என்று கத்தினேன். அதன் பிறகு அவர் காதுக்குக் கிட்டப் போய், "அண்ணே, ரெண்டு அடி பின்னால வாங்க. ஆங், இப்ப மெதுவா நெஞ்சுக்கு இறக்குங்க," என்றேன்.

அவர் சின்னப்பிள்ளை மாதிரி சொன்னபடி கேட்டார். தண்டு இறங்க இறங்கப் பெனியனும் இறங்கி, உள்ளே இருந்து முகம் வெளியே வந்தது. எடையைத் தரையில் வைத்தார். அப்போதுதான் தலைவருக்கு உயிர் வந்து மணியை விடாமல் அடித்தார். அடித்துக்கொண்டே, கண்ணை மறைத்துக்கொண்டு இருநூறு ராத்தல் தூக்கிய இலங்கையின் முதல் வீரர் என்று அறிவித்துவிட்டார். மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். துரையே எழுந்து நின்று தட்டினார். நான் மட்டும் மரியதாசின் உள்ளங்கைகளைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மரியதாஸ் கதிரையில் ராசா மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது, பெருவிரல் நுனிகள் மட்டும் வெளியே. வாழைப்பழத்தைப் பிலோமினா உரித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மேசையில் ஒரு கடிதம் இருந்தது. கம்பளையிலிருந்து இன்னொரு சங்கத்தார் அவசரமாக ஆள் அனுப்பி, அடுத்த மாதம் அங்கேயும் அதே தண்டை, அதே விதமாகக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கிக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இந்தத் தடவை மரியதாஸ் என்னை உட்காரச் சொன்னார்.

"தண்டு வழுக்கலப்பா. சொன்ன வாக்கை நான் மாத்த மாட்டேன். தேதி பேசுவோம்," என்றார்.

தம்பிமாரே, அந்த இடத்தில் நான் சரி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் கதை முடிந்தது. பெண் கிடைத்தாயிற்று. ஆனால் அந்தக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டே சரி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கம்பளையில் அவர் பெனியனுக்குள் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தால், மூன்று சொல்ல அங்கே யார் இருப்பார்கள்? பயம் ஒரு பக்கம், அவளை இழந்துவிடுவேனோ என்ற துக்கம் ஒரு பக்கம். ஆனாலும் சொல்லிவிட்டேன். தப்பான சில்லைப் போட்டேன், போடக் கூடாத இடத்திலும் போட்டேன், என் காய்த்த கையால் சோதித்துவிட்டு உங்கள் கையில் கொடுத்தேன், அந்தத் தண்டை இனித் தொடாதீர்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

ஊட்ட வந்த வாழைப்பழத்திலிருந்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "பெனியன் மாட்டிக்கிச்சுன்னு எனக்குத் தெரியாதா? உள்ள இருந்தவன் நான்தானே," என்றார். "ஆனா என் கை மென்மையா இருக்கிறதாலதான் இப்படி ஆச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். ராத்திரி பூரா அதை நினைச்சு வெட்கப்பட்டுக்கிட்டுக் கிடந்தேன். எல்லாம் உன் வேலையா?"

என்னை அடிப்பதற்காக எழுந்தார். எழுந்த பிறகுதான் கையில் கட்டு இருப்பது ஞாபகம் வந்தது. இரண்டு வெள்ளை உருண்டைகளையும் உயர்த்தியபடி, எதனால் அடிப்பது என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றார். பிலோமினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாழைப்பழத்தைத் தட்டில் வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரித்து ஓய்ந்த பிறகு பேசினாள்.

"அண்ணா, நேத்தே பெனியனை விரிச்சுப் பார்த்துட்டேன். முன்பக்கம் பூரா ஓட்டை, கட்டம் கட்டமா. இது யாரு வேலைன்னு எனக்கு அப்பவே தெரியும். இவர் வாயால வருதான்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். வரலன்னா நீங்க தேதி சொன்னாலும் நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேன்."

அண்ணனின் பரீட்சையை மட்டும் நினைத்துக்கொண்டு வந்தவன் நான், உண்மையான பரீட்சை அந்த மூலையில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்திருக்கிறது. மரியதாஸ் தங்கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்குத் தண்டைத் திருத்தணும்," என்றார். "இன்னைக்குக் கல்யாணத்துக்கு எழுதிக்குடுக்கச் சாமிகிட்டப் போவோம். என் கை ஆறினா நான் மனசு மாறி உன்னை அடிச்சாலும் அடிப்பேன்."

தண்டைத் திருத்தியதை முதலில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தேவையானது அதுதான். திங்கட்கிழமை பலாக்காய் முழுவதையும் கடைந்து எடுத்துவிட்டு, கை படுகிற இரண்டு இடத்தில் மட்டும் அன்னாசி போட்டேன். நடுவை வழவழப்பாக விட்டேன். கட்டங்களின் முனைகளை மெல்லிய அரத்தால் ஒரு தடவை தடவி மழுக்கினேன். எண்ணெய்ச் சோதனை செய்யவில்லை. எங்கள் பட்டறைக் கிளார்க்கைக் கூப்பிட்டு, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி வரச் சொல்லி, அவரைப் பிடிக்க வைத்தேன். அவர் முகம் சுளிக்கவில்லை. போர்மன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிஸ்கட் டின்னை மூடித் தன் லேத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு வருஷம், யாருடைய கைக்கு, எப்படியான கைக்கு என்று நான் சொன்ன பிறகுதான் அந்த மூடி திறக்கும். நீங்களும் இரும்பைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பாருங்கள். உங்கள் கையை அல்ல.

அந்த ஞாயிறு பிற்பகலுக்கு வருகிறேன். மூன்று பேரும் பங்குப் பாதிரியாரான சாமியைப் பார்க்கக் கோயிலுக்குப் போனோம். அடுத்த ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டுமென்றால், பெண்ணின் பொறுப்பாளர் சம்மதம் என்று பங்குப் புத்தகத்தில் கையொப்பம் வைக்க வேண்டும். சாமி முதல்நாள் விழாவுக்கு வரவில்லை, அவருக்கு ஒன்றும் தெரியாது. பேனாவை நீட்டினார். மரியதாஸ் கட்டுப் போட்ட கையை நீட்டினார். பேனா உருண்டு கீழே விழுந்தது. மூன்று தடவை விழுந்தது. கடைசியில் சாமி மைத்தட்டைத் திறந்தார். கண்டியிலேயே அழகான கையெழுத்துக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவரைப் போல, தலையைத் திருப்பிக்கொண்டு பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார்.

சாமி அதைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விரல் அடையாளம் என்றால் சுழி சுழியாக ரேகை விழ வேண்டும். தாளில் ஒரு சுழியும் இல்லை. சிறிய சிறிய கட்டங்கள், வரிசை பிசகாமல், ஒன்றுக்கொன்று சரிந்து விழுந்திருந்தன. இத்தனை வருஷத்தில் இப்படியொரு விரலைப் பார்த்ததில்லை, இது யாருடைய அடையாளம் என்று எழுதுவது என்று அவர் கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரியதாஸ் என்னை ஒரு பார்வை பார்த்தார். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவர் உதட்டோரத்தில் சிரிப்பு வந்தது.

"விரல் என்னோடது சாமி," என்றார். "ரேகை மாப்பிள்ளையோடது."

சாமி ஒன்றும் விளங்காமல், அடையாளத்துக்குக் கீழே எங்கள் இரண்டு பேரின் பெயரையும் எழுதினார்.